தோற்ற அணிக்கு விழுந்த மாலை

1. சலவை மெஷினுக்குத் தெரிந்த முடிவு

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமையே எங்கள் அணி தோற்றது. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தோற்றது. என் வருகையையும் தோல்வியையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் உண்டு. அதற்கு முந்திய ஆண்டும் அவர்கள் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், பாவம். அதன் ஃபுட்போல் அணிக்கு நான் எக்விப்மென்ட் ரூம் உதவியாளர். ஃபுட்போல் என்றதும் நம் உதைபந்தாட்டத்தை நினைக்க வேண்டாம். இதில் ஒருவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவான், எதிரே வரும் தடியர்கள் அவனைப் பிடித்து விழுத்துவார்கள். ஹெல்மெட்டுக்கு ஸ்க்ரூ முடுக்குவது, தோள் கவசத்தின் வார் மாற்றுவது, ஜேர்சி தோய்ப்பது எல்லாம் என் பொறுப்பு.

இளம் ஆட்களுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். ஸ்கோர் பார்க்கவே தேவையில்லை. ஜேர்சியின் முன்பக்கம் மண் என்றால் அவன் யாரையோ விழுத்தியிருக்கிறான். முதுகில் புல் என்றால் அவனை விழுத்தியிருக்கிறார்கள். எங்கள் ஜேர்சிகளின் முன்பக்கம் கடையில் வாங்கியது போலவே இருக்கும்.

கோச்சின் பெயர் வொரன். தோற்கத் தோற்கப் பேச்சில் மரியாதை கூடிய மனிதர் அவர். ஆட்டம் முடிந்ததும் என் அறைக்கு வந்து, சவர்க்காரத்தூள் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு இன்றும் அது எங்கள் தமிழில்தான் கேட்கிறது.

2. டிரெக்டரின் நிபந்தனை

கடைசி ஆட்டத்துக்கு முன் விளையாட்டுத் துறை டிரெக்டர் அம்மா கோச்சைக் கூப்பிட்டார். திரும்பி வந்தவர் நேரே வாளியில் உட்கார்ந்தார்.

"கடைசி மட்ச்சை வெல்லட்டாம். இல்லாட்டி சனத்தையாவது சேர்க்கட்டாம். ரெண்டும் இல்லாட்டி அடுத்த வருசம் ரீம் இல்லையாம்."

அணி இல்லையென்றால் அவரும் இல்லை, நானும் இல்லை. மனைவியைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் பண்ணிவிட்டு நான் காத்திருந்த காலம் அது. மறுபடி உணவகத்தில் கோப்பை கழுவப் போனால் அந்த அலுவல் என்னாகும்?

"வெல்லுறதை நான் பாக்கிறன். சனத்துக்கு எங்க போறது?" என்றார் கோச்.

"சனத்தை நான் பாக்கிறன்" என்றேன். வாய் முந்திவிட்டது.

3. பரமண்ணை படை திரட்டியது

ரொறன்ரோவில் எங்கள் சனம் நிறைய இருந்த வெக்ஸ்போர்ட்டில் பரமண்ணை என்று ஒருவர் இருந்தார். கல்யாணங்களுக்கு மணவறை சோடிப்பவர். அவர் சொன்னால் ஒரு மண்டபமே எழுந்து வரும். போய் விஷயத்தைச் சொன்னேன்.

"உது என்ன விளையாட்டெண்டே எங்களுக்குத் தெரியாது, தம்பி."

"எங்கட ரீமுக்கும் வடிவாத் தெரியாது, அண்ணை. நீங்கள் வந்து கத்தினாப் போதும்."

"எங்கட பெடியள் ஆரும் விளையாடுறாங்களோ?"

"இல்லை. உடுப்புத் தோய்க்கிறது நான்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப எங்கட ரீம்தான்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பள்ளிக்கூட பஸ்களில் சனம் வந்து இறங்கியது. சோற்றுப் பார்சல், ஃபிளாஸ்க், ஒரு ட்ரம்பெட், இரண்டு தகர டின். எப்போதும் வெறிச்சோடிக் கிடக்கும் பார்வையாளர் படிக்கட்டு நிரம்பியது. எங்கள் ஆள் விழுந்தாலும் கைதட்டினார்கள், எதிரி விழுந்தாலும் கைதட்டினார்கள். டிரெக்டர் அம்மாவுக்கு எங்கள் அன்ரி ஒருவர் வடை கொடுத்தார். அம்மா இரண்டாவதும் கேட்டு வாங்கியதை நான் கண்டேன்.

அவ்வளவு சத்தத்தில் எங்கள் ஆட்களுக்கும் ரோசம் வந்துவிட்டது. முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில், உதைக்கிறதுக்கென்றே வைத்திருந்த ஸ்டீவ் என்ற ஒல்லிப் பையன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. அந்தப் பருவத்தில் முதல் தடவையாக நாங்கள் முன்னால், ஒரே ஒரு புள்ளியால்.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட கிரிக்கெட்டில் ஒருவன் ஐம்பது அடித்தால் ஆதரவாளர்கள் மைதானத்துக்குள் ஓடிப்போய் மாலை போடுவார்கள். ஆட்டம் கொஞ்சம் நிற்கும், பிறகு தொடரும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். பரமண்ணைக்கு அந்த நினைப்பு. முந்தின நாள் மணவறையில் கழற்றிய கார்னேஷன் பூமாலையோடு இறங்கி ஓடினார். பின்னால் ட்ரம்பெட், அதன் பின்னால் பாதிப் படிக்கட்டு. நான் "அண்ணை, நில்லுங்கோ" என்று கத்தினேன். தகர டின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

ஸ்டீவின் ஹெல்மெட்டுக்கு மேலால் மாலை விழுந்தது. ரெஃப்ரியின் கொடியும் விழுந்தது. ஆட்டம் முடியுமுன் ஆதரவாளர் உள்ளே வந்தால் அணிக்குத் தண்டனை. மறுபடி ஆட்டம் தொடங்க நாங்கள் பந்தை உதைக்க வேண்டிய இடத்தை ரெஃப்ரி நன்றாகப் பின்னுக்குத் தள்ளினார். அதனால் பந்து எதிரிக்கு வசதியான இடத்தில் கிடைத்தது. அவர்கள் ஒரே ஓட்டம் ஓடி, ஒரே உதை உதைத்து, மூன்று புள்ளி எடுத்தார்கள். இரண்டு புள்ளியால் தோற்றோம்.

4. வாளிமேல் கடைசித் தடவை

கோச் வந்து வாளியில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று ஜேர்சிகளின் முன்பக்கமெல்லாம் மண்.

"அடுத்த முறை மட்ச் முடிஞ்சாப் பிறகு மாலையைப் போடச் சொல்லும்."

"ஓம் கோச், சொல்லுறன்" என்றேன். மெஷினில் தூளைப் போட்டு மூடியைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன்.

"அடுத்த முறையோ?"

"டிரெக்டர் அம்மா இந்த இடத்தில இவ்வளவு சனத்தை ஒருநாளும் காணேல்லையாம். அதோட அந்த வடை எங்க வாங்கலாமெண்டு கேக்கிறா."

என் பாடம் சின்னது. சனத்தைக் கூப்பிடுகிறவன் கயிறும் கொண்டுபோக வேண்டும். அடுத்த பருவத்தில் என் முதல் வேலை படிக்கட்டுக்கு முன்னால் கயிறு கட்டுவது. "எங்களை மாடெண்டு நினைச்சியோ?" என்று பரமண்ணை கோபித்தார். ஆனாலும் புது மாலையோடு வந்து கயிற்றுக்குப் பின்னால் நின்றார். பக்கத்தில் என் மனைவி, குளிர்ச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு.

அன்று வென்றோம். கடிகாரம் முழுதாக ஓடி முடியும்வரை ஒருவரும் அசையவில்லை. அப்போது கோச் மைதானத்துக்குக் குறுக்கே நடந்து வந்தார். நான் கட்டிய முடிச்சைத் தன் கையால் அவிழ்த்தார். என்னிடம் முந்தின நாள் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்த இரண்டு தமிழ்ச் சொற்களைப் பரமண்ணையிடம் சொன்னார்.

"இப்ப வாங்கோ."