நைனாவின் திங்கட்கிழமை மனுக்கள்

எங்கள் ஏரியைப் பற்றி இதுவரை ஒரு மனுவும் வந்ததில்லை என்று போன கிராம சபையில் மைக்கைப் பிடித்துச் சொன்ன அதிகாரி பொய் சொன்னார். அந்த மனுக்களை எழுதியவள் நான். எழுதி எழுதிக் கை வலித்தவள்.

என் நைனா டெம்போ வண்டியில் மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களுக்குக் கல் ஏற்றிப் போவார். திங்கட்கிழமை மட்டும் வண்டி எடுக்க மாட்டார். மனு வாங்கும் நாள் அது. அப்போது கலெக்டர் ஆபீஸ் காஞ்சிபுரத்தில் இருந்தது. ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை மறித்து மனை போட்டு விற்கும் ஒருவர் காம்பவுண்டு சுவர் எழுப்பியிருந்தார். மழை பெய்தால் தண்ணீர் ரோட்டில் ஓடியது, ஏரி காய்ந்து கிடந்தது. ஏரி நிரம்பாவிட்டால் எங்கள் ஊரில் நடவு கிடையாது. நைனாவுக்கு எழுத வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மற்ற பிள்ளைகள் டி.வி.யில் படம் பார்க்கும்போது நான் ‘உயர்திரு ஆட்சியர் அவர்களுக்கு’ என்று ஆரம்பிப்பேன். அந்த ஏரியை நான் மனதுக்குள் திட்டாத வாரம் இல்லை.

ஏழாவது படிக்கும்போது ஒரு தப்பு செய்தேன். கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த தாளில் வரிசையாகச் சர்வே எண்கள் இருந்தன. படம் பார்க்கும் அவசரத்தில் சுவர் இருந்த இடத்தின் எண்ணுக்குப் பதில் ஒரு வரி கீழே இருந்த எண்ணை எழுதிவிட்டேன். ஒரே வாரத்தில் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். அளந்து முடித்துவிட்டு, ஏரிப் புறம்போக்கில் இருப்பது எங்கள் மாட்டுக்கொட்டகைதான் என்றார்.

ஊரே சிரித்தது. “இன்னா அண்ணாத்த, உம்மேலயே மனு குடுத்துகினியா?” என்று டீக்கடையில் கேட்டார்கள்.

“வேற எவனும் சிக்கல. அதான் என்னையே புடிச்சிக் குடுத்தேன்” என்றார் நைனா.

அம்மா விடவில்லை. “பொண்ணு கையெழுத்து முத்து முத்தா கீதுன்னு பீத்திகினு திரிஞ்சியே, இப்ப மாட்ட எங்க கட்டுவ? உன் தலையிலயா?”

எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். நைனா கொட்டகைக் கூரையைத் தானே பிரித்தார். மூங்கிலை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “நம்மளுதும் தப்பு தான் கண்ணு. அடுத்த மனுவுல இதயும் எழுது. நான் எடுத்துட்டேன், அவன எடுக்கச் சொல்லுன்னு எழுது.”

எழுதினேன். அதற்குப் பிறகு எண்ணை மூன்று முறை சரிபார்க்காமல் எந்த மனுவையும் எழுதியதில்லை.

நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். சுவர் நிற்கிறது. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் துப்புரவு மேற்பார்வை செய்கிறேன். இந்த மனுப் பீடை என்னோடு போகட்டும் என்றுதான் மகளைப் பொத்தேரியில் காலேஜில் படிக்க வைத்தேன். அவள் நைனாவின் வண்டிக் காகிதங்களுக்குள் கட்டுக்கட்டாக இருந்த மனு ஒப்புகைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கிராம சபைக்கு வந்தாள். அதிகாரி பேசி முடித்ததும் எழுந்து அவற்றை உயர்த்திக் காட்டினாள். “அப்ப இது இன்னா சார்?” என்றாள். “எழுதிக் கொடும்மா, பார்க்கலாம்” என்று அவர் காரில் ஏறிவிட்டார்.

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். அவள் அதற்குள் தாளை எடுத்து எழுத உட்கார்ந்திருந்தாள். கோழி கிண்டியது போலக் கையெழுத்து. பொறுக்க முடியாமல் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

“சர்வே நம்பர பாத்து எழுதும்மா. நமக்கு இடிக்கக் கொட்டா கூட இல்ல” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அப்படி ஒரு நிம்மதி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

இப்போது அந்த அதிகாரியைக் கேட்கிறேன். ஒரு மாட்டுக்கொட்டகையை அளக்க ஒரே வாரத்தில் வந்த உங்கள் துறை, அந்தச் சுவரை அளக்க இத்தனை வருடமாக ஏன் வரவில்லை? அறைக்குள் கூப்பிட்டு டீ கொடுத்துச் சொல்ல வேண்டாம். அடுத்த கிராம சபையில் அதே மைக்கைப் பிடித்து, என் மகளுக்கும் ஊருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.