கண் கண்ணாய்ப் போட்ட சீலை

எண்பதுகளில் வின்டர்தூர் அகதி முகாமில் இருந்தேன். என் அகதி விசாரணைக்கு முதல் நாள், எதிர் அறை டோகோ நாட்டுக்காரி உடம்பெல்லாம் கண்கள் அச்சிட்ட துணியை உடுத்திக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அத்தனை கண்ணும் என்னையே முறைத்தன.

"அண்ணை, என்ர கேசுக்கு நாவூறு பட்டிட்டுது!" என்றேன் அறைத்தோழரிடம்.

"உனக்கென்ன விசரோ?"

நான் கேட்கவில்லை. கண்ணூறு கழிக்கச் செத்தல் மிளகாயைத் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். முகாமே இருமிக்கொண்டு வெளியே ஓடியது.

காரணம் கேட்ட டோகோக்காரியிடம் அவள் துணியைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இந்த அச்சுக்குப் பெயர் 'சக்களத்தியின் கண்'. மேல்மாடிக்காரி என் புருஷனைப் பார்க்கிறாள். நான் கவனிக்கிறேன் என்று அவளுக்குச் சொல்லத்தான் உடுத்தினேன். உன்னை யார் பார்த்தது?"

எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

மறுநாள் விசாரணை அதிகாரி, நான் அந்தத் துணியைப் பார்த்தது போலவே என்னைப் பார்த்தார். அவரிடம் செத்தல் மிளகாய் இல்லாதது என் நல்ல காலம்.