தலைச்சோலைக் கரியும் மூட்டை மேல் இரண்டு எழுத்தும்

ஏற்காட்டுக்கு ஏரியும் படகும் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். நான் போனது கரி பார்க்க. பொங்கலுக்கு முந்தைய வாரம், செவ்வாய்க்கிழமை. பையில் மூன்று கண்ணாடி பாட்டில், ஒரு வெள்ளைக் கைக்குட்டை, மீன்தொட்டிக் கடையில் வாங்கிய, தண்ணீர் அமிலமா காரமா என்று பார்க்கும் காகிதப் பட்டைகள். போலீஸ் மாதிரி கிளம்புகிறீர்களே என்று மனைவி மல்லிகா கேட்டாள். போலீஸ்தான் என்றேன்.

காரணம் இது. வாழப்பாடிப் பக்கம் எனக்கு ஒரு நாற்றுப் பண்ணை இருக்கிறது. போன வருடம் பப்பாளி நாற்றுப் பைகளில் மண்ணோடு பயோசார் கலந்தேன். காற்றை அளவாக விட்டு மரத்தைச் சுட்டு எடுக்கும் கரிக்குத்தான் இந்தப் பெயர். மண்ணில் கலந்தால் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும் என்கிறார்கள். என் பைகளில் அது நாற்றின் கழுத்தைத்தான் பிடித்தது. மூன்றாம் வாரம் இரண்டாயிரம் நாற்றும் மஞ்சளாகி, வேர் கருகிச் சாய்ந்துவிட்டன. கரி தந்தவர் மல்லிகாவின் அண்ணன், சேலத்தில் உரக்கடை வைத்திருக்கும் சேகர் மச்சான். கலப்படத்தை என் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் என் மகளுக்கு மூன்று வயது முடியப்போகிறது. காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அவளுக்கு இருப்பதோ ஒரே மாமன். ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். கடைசியில் மல்லிகாவே ஒரு தீர்ப்பு சொன்னாள். "அந்தக் கரி எங்கிருந்து வந்துச்சோ அங்கயே போய்ப் பாத்துட்டு வாங்க. எங்கண்ணன் ஏமாத்துனது நெசம்னா அந்த ஊட்டுப் படியை நானும் மிதிக்கல. இல்லீன்னா புள்ளைய அந்த மடியில உக்கார வெக்கோணும்." எந்த எஸ்டேட் என்று அவளே அண்ணனிடம் கேட்டுச் சொன்னாள். சரி என்றேன். மச்சானைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை 7.10 பஸ். டிக்கெட் 28 ரூபாய். நடத்துனர் மீதி இரண்டு ரூபாயை அப்புறம் தருகிறேன் என்றார். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் மலையைப் பார்க்கவில்லை. இறங்கும்போது அவராகவே கூப்பிட்டுக் கொடுத்தார். 8.25க்கு ஏற்காடு. ஒண்டிக்கடை சந்திப்பில் இட்லியும் டீயும் 55 ரூபாய். அங்கிருந்து தலைச்சோலைக்கு அப்பால் இருக்கும் அந்தக் காப்பி எஸ்டேட் வரை ஆட்டோவுக்கு 350 பேசினேன். நான் வண்டியின் மீட்டரையே பார்ப்பதைக் கண்ணாடியில் கவனித்த ஓட்டுநர் பழனி, "ஏனுங்க, கிலோமீட்டர் எண்ணுறீங்களா? பதினொண்ணு வருமுங்க, நானே சொல்லிப்புட்டேன்" என்றார். பதினொன்றுதான் வந்தது. கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதை, மழை பெய்தால் ஆட்டோ ஏறாது.

எஸ்டேட் கணக்கு வழக்கைப் பார்க்கும் ரைட்டரிடம் முதல் நாளே போனில் அனுமதி கேட்டிருந்தேன். நாற்றுப் பண்ணைக்குக் கரி வேண்டும் என்று மட்டும் சொன்னேன், மச்சான் பேச்சை எடுக்கவில்லை. ரைட்டர் சேலம் போயிருப்பதாகவும் கரி மிஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியமேரி காட்டுவார் என்றும் வாசலில் காவலாளி சொன்னார். நான் வருகிற நாளாகப் பார்த்து ரைட்டர் ஏன் சேலம் போக வேண்டும்? இதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆரோக்கியமேரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டு, கழுத்தில் ஜெபமாலை, முழங்கை வரை கரி. காப்பி உலர்த்தும் கொட்டகையை ஒட்டி, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் கவாத்து செய்து கழித்த கிளைகளைத் துண்டு போட்டு மேலே கொட்டுகிறார்கள். ஊதுவிசிறி அளவாகக் காற்று தருகிறது. மரம் முழுசாக எரியாமல் வாயுவாகிறது. அந்த வாயுவை எரித்த சூட்டில் காப்பிக்கொட்டை காய்கிறது. வாயு போன மிச்சம், அடியில் இருக்கும் சல்லடை வழியாகக் கரியாக விழுகிறது. ஆக, இங்கே காப்பிதான் ராஜா, கரி மிச்சம்தான். மிச்சத்தை யார் கவனித்துச் செய்யப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கொட்டகையின் பின்னால் இரண்டு அடுக்கு மூட்டைகள். ஒன்றில் சுண்ணாம்பால் 'ம.க.', மற்றதில் 'வெ.க.'. பார்த்ததும் எனக்கு ரத்தம் சூடானது. போன வருடம் மச்சான் கடையில் இதே எழுத்து, இதே மூட்டை. கலப்படம் இல்லாத அசல் எப்படி இருக்கும் என்று பார்க்க நேராக ம.க. அடுக்குக்குப் போனேன். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு, எண்ணெய் பூசிய மாதிரி மினுமினுப்பு, கையில் எடுத்தால் கனம். வெ.க. மூட்டையில் இருந்ததோ மங்கலாக, சாம்பல் பூத்து, தொட்டால் நொறுங்கியது.

"அது வேண்டாமுங்க. நாத்துக்குன்னா இதைய எடுத்துக்கோங்க" என்று ஆரோக்கியமேரி நொறுங்குகிற மூட்டையைக் காட்டினார். ஆகா, நல்லதை ஒளித்துவிட்டுச் சொத்தையைத் தள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "எனக்கு மரக்கரிதான் வேணும். வெட்டிக்கரி வேண்டாம்" என்று மூட்டை மேல் இருந்த எழுத்துகளைக் காட்டிக் கறாராகச் சொன்னேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ரெண்டும் மரந்தானுங்களே! ம.க.ன்னா மழைக்கரி. வெ.க.ன்னா வெயில்கரி. நாந்தானுங்க எழுதறது."

அவர் விளக்கினார். காப்பிப் பழம் எடுக்கத் தொடங்கும்போது மழையும் கூடவே வரும். விறகு ஈரம். சூட்டில் பாதி அந்த ஈரத்தை ஓட்டவே போய்விடும். அடியில் இருக்கும் சூட்டுமானி நானூறு டிகிரியைத் தாண்டாது. புகையோடு போக வேண்டிய தார் மரத்தை விட்டுப் போகாமல் கரியிலேயே படிந்துவிடும். அதுதான் நான் ஆசைப்பட்ட மினுமினுப்பு. தை பிறக்கும் சமயத்தில் விறகு காய்ந்துவிடும், முள் எழுநூறைத் தொடும். தார் எரிந்துபோய், கரியில் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் விழும். அதனால்தான் எடை இல்லை, நொறுங்குகிறது.

நம்புகிற ஆளா நான்? பாட்டில்களை வெளியே எடுத்தேன். மழைக்கரித் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சேப்பங்கிழங்கு இலையில் உருளுகிற மாதிரி உருண்டு விழுந்தது. வெயில்கரி சொட்டை அப்படியே குடித்தது. மழைக்கரியைத் தண்ணீரில் போட்டதும் மேலே வானவில் படலம் மிதந்தது, பட்டறை நாற்றம் அடித்தது. ஒரு தடித்த துண்டை உடைத்துப் பார்த்தால் நடுவில் இன்னும் பழுப்பு நிற மரம். கைக்குட்டையில் பிடித்த கறை இன்றுவரை போகவில்லை.

ஆனால் வெயில்கரியிலும் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. அதை ஊறவைத்த தண்ணீரில் காகிதப் பட்டை கருநீலமானது. "இவ்வளவு காரமா இருக்கே, இதுல மட்டும் நாத்து பொழைக்குமா?" என்று மடக்கினேன். "பொழைக்காதுங்க" என்று அவர் அமைதியாகச் சொன்னார். கொட்டை சீக்கிரம் காய வேண்டும் என்று ரைட்டர் அவசரப்படுத்தும் நாளில் இவர் விசிறியைக் கூட்டி வைப்பாராம். காற்று கூடினால் கரியும் எரிந்து சாம்பல் கூடும். சாம்பல் கூடினால் காரம் கூடும். "நொம்ப வெளுத்திருந்தா ரெண்டு தண்ணி அலசிப்போட்டு, மக்குன சாணியோட ரெண்டு வாரம் ஊற வெக்கோணுமுங்க. வெறுங்கரியப் போட்டா அதுவே சத்தைய உறிஞ்சிக்கும்." தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப மழைக்கரிய யாருக்குத்தான் தர்றீங்க?" என்று கேட்டேன். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"இரும்புப் பட்டறைக்குங்க. தார் இருக்கறதால சட்டுனு பத்தும். போன வருசம் சேலத்து உரக்கடைக்காரர் ஒருத்தர் ரெண்டையும் எடுத்தாருங்க. அவருகிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்புனேன்."

மச்சானும் என்னிடம் சொல்லியிருந்தார். அது எனக்கு அந்தக் கொட்டகையில் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. வெயில்கரி மூட்டை ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். நான் மினுமினுப்பாக இருந்த ம.க. மூட்டையைக் காட்டி அதுதான் வேண்டும் என்றேன். "அது பட்டறைக்காரருக்கு வெச்சது மாப்ள" என்றார். பெரிய வாடிக்கைக்காரருக்கு நல்ல சரக்கு, தங்கச்சி புருசனுக்குச் சொத்தையா என்று கத்திவிட்டு, நானே தூக்கி வண்டியில் போட்டு வந்தேன். மரக்கரி என்று மல்லிகாவிடம் பெருமையாகப் படித்தும் காட்டினேன். என் இரண்டாயிரம் நாற்றையும் கொன்றது என் சந்தேகம்தான். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

கரி வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தை, மாசியில் போங்கள். அப்போதுதான் காய்ந்த விறகு ஓடும். சனி, ஞாயிறு ஆட்டோக்காரர்கள் ஐந்நூறு கேட்பார்கள். கைக்குட்டை பழையதாக இருக்கட்டும். கரியின் நிறத்தைப் பார்த்து மயங்காமல் சொட்டு விட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள், தடித்த துண்டாகப் பார்த்து உடையுங்கள். எந்த மரம், எவ்வளவு ஈரம், சூடு எவ்வளவு ஏறியது, காற்று எவ்வளவு விட்டார்கள் என்று கேளுங்கள். நல்ல கரியே ஆனாலும் முதலில் பத்துப் பையில் மட்டும் போட்டுப் பாருங்கள். மூட்டை மேல் எழுதியிருப்பதற்கு நீங்களாக அர்த்தம் வைக்காதீர்கள், எழுதியவரைக் கேளுங்கள்.

திரும்பும் பஸ் மாலை 4.15. ஒரு சின்ன வெ.க. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இந்த முறை மலையைப் பார்த்தேன். ஆறாவது வளைவில் சிக்னல் கிடைத்ததும் மச்சானுக்கு அடித்தேன். எடுக்கமாட்டார் என்று சந்தேகப்பட்டேன், முதல் மணியிலேயே எடுத்தார். தயாராக வைத்திருந்த மன்னிப்பு ஒன்றும் வாயில் வரவில்லை.

"மச்சான், பாப்பாவுக்குக் காது குத்தோணும். வர்ற ஞாயித்துக்கிழமை உங்க மடி காலியா இருக்குதுங்களா?"

வளைவில் மூட்டை சரிய, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதைப் பிடித்தேன்.

"ஒரு வருசமா காலியாத்தான் வெச்சிருக்கேன், மாப்ள."