ஆட்டை விரட்டினேன், பட்டாம்பூச்சியும் போனது

மூன்று வருடங்களுக்கு முந்தைய மார்கழி மாதம் அது. மதுரையிலிருந்து மேலூர் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, என் மனைவிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த ஒரு ஏக்கர் மானாவாரி நிலம் சும்மா கிடந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று அங்கே வண்டியை நிறுத்தினேன். இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். நிலம் முழுக்கப் பட்டாம்பூச்சிகள், அத்தனையும் சிவப்புடல் அழகிகள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இருபது வருடத்துக்கு மேலாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்துவதுதான் என் தொழில். உடம்பில் சர்க்கரை ஏறியதும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடக்கப் போன இடத்தில், கேமராவும் கையுமாகச் செடிகளுக்குள் குனிந்துகொண்டிருந்த நாலைந்து பேரைப் பார்த்தேன். என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டேன். பட்டாம்பூச்சி பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு குனிந்துகொண்டிருந்தேன். பைத்தியம் பிடிக்க ஒரு வாரம் போதுமாயிருந்தது.

சிவப்புடல் அழகி என்பது உள்ளங்கை அகலப் பட்டாம்பூச்சி. கறுப்பு இறக்கை, அதில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் பொட்டுகளும், உடம்பு மட்டும் குங்குமச் சிவப்பு. அதை ஒன்றிரண்டாகப் பார்த்திருக்கிறேனே தவிர, கூட்டமாகப் பார்த்ததில்லை. இந்த நிலத்தை வைத்து ஒரு சின்னக் காடு உண்டாக்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நிலத்துக்குச் சொந்தக்காரி என்ன சொல்வாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"ஏங்க, எந்தம்பி அங்க போர் போட்டுத் தென்னை வைக்கிறேங்கிறான். நீங்க பூச்சி வளக்கணும்கிறீங்க" என்றாள் மனைவி. இரண்டு நாள் கெஞ்சினேன். மூன்றாம் நாள் இறங்கி வந்தாள். "சரி, ரெண்டு வருஷ மழை தர்றேன். ரெண்டாவது மழை முடிஞ்சு, பொங்கல் கழிச்சு நான் வந்து பாப்பேன். கண்ணு நெறையப் பட்டாம்பூச்சி காட்டணும். இல்லாட்டி தென்னைதான். அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

கண் நிறையத்தானே, இப்போதே அவ்வளவு இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் பராமரித்தால் என்ன ஆகும் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

நான் செய்த முதல் வேலை வேலி. கல் ஊன்றி, நாலு வரிசை முள்கம்பி இழுத்தேன். ஏனென்றால் அங்கே நாற்பது வெள்ளாடுகளோடு ஒரு பெண் தினமும் மேய்க்க வந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு ஆட்டைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது. பட்டாம்பூச்சி முட்டையிட்டிருக்கும் இலையை இந்த ஆடுகள் கடித்துத் துப்பினால் என்ன ஆவது? காரில் கிளட்சை மிதிக்காமல் கியர் போடுகிறவரிடம் கத்துகிற அதே குரலில் அந்தப் பெண்ணிடம் கத்தினேன். "சும்மா கெடந்த எடந்தானண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் விடவில்லை. 'வனவிலங்கு வாழ்விடம். ஆடு மாடுகள் உள்ளே வரக் கூடாது' என்று ஒரு போர்டு எழுதி மாட்டினேன்.

பிறகு நாவல், வில்வம், கொன்றை, புங்கை என்று கன்றுகள் வைத்தேன். வாராவாரம் வந்து தண்ணீர் ஊற்றினேன். முதல் வருட மழை நன்றாகவே பெய்தது. நிலம் பச்சைப்பசேல் என்று ஆனது, புல் முழங்கால் வரைக்கும் வந்தது. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். சின்னச் சின்ன மஞ்சள் பூச்சிகள் வந்தன, நீலப் பூச்சிகள் வந்தன. சிவப்புடல் அழகிகள் மட்டும் ஏழெட்டுக்கு மேல் கண்ணில் படவில்லை. மழை பிந்திவிட்டது, அதனால்தான் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது வருட மழையும் வந்தது. புல் இடுப்புக்கு ஏறியது. கார்த்திகை பிறந்தது. ஒரு சிவப்புடல் அழகி கூட இல்லை.

வீட்டில் மச்சினன் போன் பண்ணும்போதெல்லாம் தென்னங்கன்று எந்த ரகம் வாங்கலாம் என்ற பேச்சுதான். நான் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விடுவேன். ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய நிலத்தில், ஏற்கெனவே இருந்ததையும் தொலைத்துவிட்டு நிற்கிறேன் என்பதை யாரிடம் சொல்வது?

ஒரு காலை நேரம், வேலி ஓரமாக இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு சிவப்புடல் அழகி வந்தது. கம்பிக்கு மேலே ஏறி என் நிலத்துக்குள் நுழைந்தது. புல்லின் மேல் ஒரு சுற்று சுற்றியது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, திரும்பவும் கம்பியைத் தாண்டி வெளியே போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில், உனக்காகத்தானே இவ்வளவும் என்று அதன் பின்னாலேயே எழுந்து போனேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் புறம்போக்குப் பொட்டல். அங்கே அந்தப் பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஆடுகளின் காலுக்கிடையே, கொம்புக்கு மேலே, எங்கே பார்த்தாலும் சிவப்புடல் அழகிகள் பறந்துகொண்டிருந்தன. என் ஒரு ஏக்கரில் இல்லாதது அங்கே ஒரு வீட்டு வாசல் அளவு இடத்தில் இருந்தது.

ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, "தங்கச்சி, ஒரு நிமிஷம்" என்றேன்.

"என்னண்ணே, இங்கிட்டும் வேலி போடப் போறீகளா?"

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் சங்கடத்தை விழுங்கிக்கொண்டு, பூச்சி ஏன் என் நிலத்தில் வருவதில்லை என்று கேட்டேன். அவர் கம்பியைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தார். ஓரிடத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் புல்லை விலக்கினார். அடியில், வெயில் படாமல் வெளுத்துப்போய், நூல் மாதிரி ஒரு தண்டு. அதில் இரண்டே இரண்டு இலை. அந்த இலையில் ஒரு கருஞ்சிவப்புப் புழு, இதுவும் தீர்ந்தால் எங்கே போவது என்பது போலத் தலையைத் தூக்கித் தேடிக்கொண்டிருந்தது.

"எம்புட்டுப் புல்லு பாருங்க. இதுக்குள்ள இந்தச் செடி எப்புடிண்ணே மூச்சு விடும்? ஆடு சுத்தி இருக்கிறத எல்லாம் மேஞ்சிரும். இத மட்டும் கசப்புன்னு விட்டுட்டுப் போயிரும். அப்பத்தான் இதுக்கு வெயிலு படும், தழையும். இந்தச் செவப்பு வயித்துப் பூச்சி இதுலதான வந்து முட்ட வைக்கிது."

அந்தச் செடியின் பெயர் ஆடுதீண்டாப்பாளை. அதில்தான் சிவப்புடல் அழகி முட்டையிடும், எங்கள் பக்கத்துப் பொட்டல்களில் வேறு எதிலும் இடாது என்று எங்கள் கூட்டத்தில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான். ஆட்டுக்குப் பயந்து அந்தச் செடிக்கு வேலி போட்ட ஒரே ஆள் தமிழ்நாட்டிலேயே நானாகத்தான் இருப்பேன். அந்த நிமிடம் பூமி பிளந்திருந்தால் சந்தோஷமாக உள்ளே போயிருப்பேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று முனகினேன்.

"எங்கண்ணே சொல்ல விட்டீக? அந்தப் போர்டையும் படிச்சேன். வனவிலங்குன்னு போட்டிருந்துச்சு. அப்ப எங்க ஆடு என்ன, பிளாஸ்டிக்கா?"

ஆட்டைத் திரும்ப உள்ளே கொண்டுவரச் சொல்லிக் கேட்டேன். அவர் உடனே தலையாட்டவில்லை. நான் வைத்த கன்றுகளைச் சுற்றிப் பார்த்தார். ஆடு விட்டால் அதெல்லாம் ஒரே நாளில் மொட்டையாகிவிடும், முதலில் ஒவ்வொரு கன்றுக்கும் சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் கூண்டு கட்ட வேண்டும் என்றார். புழு நிறைய இருக்கிற இடத்தில் மிதிபடாமல் ஓரமாகத் திருப்பி மேய்ப்பதாகவும் சொன்னார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். கடைசியாக ஒன்று கேட்டார்.

"நீங்க டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கீகளாம்ல? ஊருக்குள்ள சொன்னாங்க. மேலூர் சந்தைக்கு ஆட்ட ஏத்திட்டுப் போக ஒவ்வொரு தடவையும் எவனாச்சும் குட்டியானை வண்டிக்காரனுக்குக் காத்துக் கெடக்கேன். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தாங்க. ஆடு வரும்."

இப்படி ஒரு ஒப்பந்தத்தை நான் வாழ்க்கையில் போட்டதில்லை. மறுநாளே இருவரும் முள் வெட்ட ஆரம்பித்தோம். நான் கட்டிய கூண்டுகள் காற்றுக்கே சாய்ந்தன. அவர் வந்து பிரித்துக் கட்டினார். மூன்று நாள் கழித்து வேலியின் ஒரு பக்கக் கம்பியைக் கழற்றி, போர்டையும் இறக்கினேன். நாற்பது ஆடுகளும் கல்யாணப் பந்திக்கு முந்துகிற மாதிரி உள்ளே பாய்ந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எல்.எல்.ஆர். எடுத்துக் கொடுத்து, வாரம் இரண்டு நாள் கண்மாய்க் கரைக்குக் கீழே இருந்த பொட்டலில் பாடம் நடத்தினேன். முதல் நாளே என் பழக்கம் தலைகாட்டிவிட்டது. "பிரேக்கு, பிரேக்கு" என்று நான் போட்ட சத்தத்தில், அவர் காரை அப்படியே நிறுத்தி என்ஜினையும் அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"அண்ணே, கத்தாமச் சொல்லுங்க. நாப்பது ஆட்ட மேய்க்கிறேன், ஒரு நா கத்துனதில்ல. கத்துனா அது மெரண்டு எங்கிட்டாச்சும் ஓடும். சொன்ன பேச்சக் கேக்காது."

அன்றைக்கு மீதி நேரம் நான் மெதுவான குரலில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. ஆனால் அவர் ஒரே வாரத்தில் வளைவில் கியர் மாற்றப் பழகிவிட்டார். என்னிடம் கற்றுக்கொண்டவர்களில் இவ்வளவு சீக்கிரம் யாரும் பழகியதில்லை.

நிலத்தில் புல் கரண்டைக்காலுக்கு இறங்கியது. பதினைந்து நாளில் ஆடுதீண்டாப்பாளை தரையோடு தரையாகப் படர்ந்து, நல்ல கரும்பச்சை பிடித்தது. புறம்போக்கிலிருந்து சிவப்புடல் அழகிகள் ஒவ்வொன்றாக வந்து முட்டை வைத்தன. புழுக்கள் தின்றன, கூட்டுப்புழுக்கள் தொங்கின. நான் ஸ்கூலைக்கூடச் சரியாகக் கவனிக்காமல் அங்கேயே கிடந்தேன். பொங்கலுக்குள் ஆகிவிடுமா ஆகாதா என்று ராத்திரி தூக்கத்தில்கூட அதே நினைப்பு.

பொங்கல் முடிந்து ஐந்தாம் நாள் மனைவி வந்தாள். முதல் நாள் முழுக்க மேகமாக இருந்து, அன்றுதான் வெயில் அடித்தது. நான் முன்னாலேயே போய் நிலத்தில் நின்றிருந்தேன். அவள் பஸ்ஸில் வந்து இறங்கி, ஊருக்குள்ளிருந்து ஆடு ஓட்டி வந்த அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டே நடந்து வந்தாள்.

வந்தவள் நிலத்தின் நடுவில் போய் நின்றாள். ஆடுகள் ஒரு ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தன. தரைக்கு ஒரு முழ உயரத்தில் கறுப்பும் சிவப்புமாக அலைந்துகொண்டே இருந்தது. நான் எண்ண ஆரம்பித்து நாற்பதுக்கு மேல் குழம்பி விட்டுவிட்டேன். ஒன்று அவள் சேலைக் கொசுவத்தில் வந்து உட்கார்ந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"ஏங்க, இம்புட்டும் நீங்க பண்ணுனதா?"

உண்மையைச் சொல்கிறேன், ஆமாம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் நிலம் தப்பித்துவிடும், என் மரியாதையும் தப்பித்துவிடும். அந்தப் பெண் தூரத்தில் ஆட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்கப்போவதும் இல்லை. ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல. நான் வந்தப்பவே இருந்துச்சு. நான்தான் வேலியப் போட்டு ஆட்ட வெரட்டி, ஒண்ணுகூட இல்லாமப் பண்ணிட்டேன். அந்தத் தங்கச்சிதான் திரும்பக் கொண்டுவந்துச்சு" என்றேன்.

மனைவி போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, "தென்னை வேணாம்டா, அத விட்டுரு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டாமல் ஆட்டைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"வர்ற வழியிலேயே அந்தப் புள்ள எல்லாத்தையும் சொல்லிருச்சுங்க. போர்டு வரைக்கும் சொல்லிருச்சு. நீங்க மட்டும் ஆமான்னு சொல்லியிருந்தீங்கன்னா, இன்னைக்கே போர்க்காரன வரச் சொல்லியிருப்பேன்" என்றாள் அவள்.

அந்த ஒரு ஏக்கரில் இப்போது நாவல் மரங்கள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டன, ஆடும் வருகிறது, அழகிகளும் வருகின்றன. ஓர் இடத்தைத் திருத்தப்போகிறேன் என்று எனக்கு எப்போது உற்சாகம் பிறந்தாலும், நான் வருவதற்கு முன்னால் அதை நன்றாக வைத்திருந்தது யார் என்று முதலில் தேடிப் போய்க் கேட்கிறேன். அன்றைக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் இப்போது அங்கே தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பேன்.