வெண்கல விளக்குகளைப் படமெடுத்தவள்

தில்லி கரோல் பாகில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது அந்த ஸ்டுடியோ. 2003-இல் விசாலாக்ஷியும் அவள் தம்பி கௌஷிக்கும் சேர்ந்து அங்கே ஒரு பழைய டிஜிட்டல் பேக்கை வாங்கிப் போட்டார்கள். பெரிய ஃபிலிம் காமிராவின் முதுகிலிருந்து ஃபிலிம் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்டுகிற கனமான கறுப்புப் பெட்டி. ஏதோ விளம்பரக் கம்பெனி உபயோகித்துவிட்டுத் தள்ளிவிட்டது. அதற்குத் திரை கிடையாது. கம்ப்யூட்டரோடு ஒயரால் இணைத்தால்தான் வேலை செய்யும். ஒரு படம் எடுத்தால் நாற்பது விநாடி காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மறுபடி பட்டனை அமுக்கினால் எல்லாம் உறைந்துபோகும்.

கௌஷிக்குக்கு ஒரே மாதத்தில் அலுத்துவிட்டது.

"இது காமிரா இல்லேக்கா, மாமியார். நீயே வெச்சிண்டு மாரடி."

கஸ்டமர்களைப் பார்க்கும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். விசாலத்துக்கு யாரிடமும் சாமர்த்தியமாகப் பேச வராது. காத்திருக்க வரும். ஜூன் மாதச் சூட்டில் படத்தின் நிழல்களில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் முளைத்தன. இருந்த ஒரே ஃபேனை அந்தப் பெட்டியின் பக்கம் திருப்பிவைத்து, படமெடுக்கும்போது மட்டும் ஆட்டம் வராமலிருக்க நிறுத்திவிட்டு, இவள் வியர்த்துக்கொண்டு நின்றாள்.

மறு வருஷம் ஓர் அறக்கட்டளை, சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் இல்லத்தில் எண்பது வெண்கல விளக்குகளைப் பரப்பிவைத்து, புத்தகத்துக்குப் படம் கேட்டது. வெண்கலத்தில் எடுப்பவளின் முகமே தெரியும். வெள்ளைத் துணியால் கூடாரம் கட்டி, அதில் லென்ஸ் அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு, பதினோரு நாள் எடுத்தாள். கௌஷிக் முதல் நாள் வந்தான். கடைசி நாள் சாப்பாட்டுக்கு வந்தான்.

புத்தகத்தில் 'படங்கள்: கௌஷிக் வெங்கடராமன்' என்றிருந்தது.

"என் பேரு எங்கேடா?"

"கான்ட்ராக்ட்ல என் கையெழுத்துதானேக்கா, அதான் போட்டுட்டா. ஒரு வீட்டுக்குள்ள என்ன உன் பேரு, என் பேரு?"

ஜனக்புரி வீட்டில் அம்மாவும் அதையே சொன்னாள். "அவன் முன்னுக்கு வரவேண்டிய பிள்ளை. விட்டுக் குடேன்." அந்தப் பிள்ளைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

அந்தப் புத்தகத்தைக் காட்டியே அவனுக்கு குர்கானில் பெரிய வேலை கிடைத்தது. போகும்போது, "பேக்கை நீயே வெச்சுக்கோக்கா" என்று தானம் கொடுப்பவன் மாதிரி சொல்லிவிட்டுப் போனான். விசாலம் அதை வைத்துக்கொண்டு குக்கர்களையும் டானிக் பாட்டில்களையும் எடுத்துக் காலம் தள்ளினாள்.

2008-இல் ஒருநாள் கௌஷிக் படியேறி வந்தான். அறக்கட்டளை புத்தகத்தைப் பெரிய அளவில் மறுபடி போடுகிறதாம். அன்று கொடுத்த படங்கள் அந்த அளவுக்குத் தாங்காது. மூல ஃபைல்களோ அந்தப் பழைய பேக்கின் மென்பொருளில் மட்டுமே திறக்கும். புதுக் கம்ப்யூட்டர் எதிலும் அது ஓடவில்லை.

"உன் கம்ப்யூட்டர் இன்னும் ஓடறதாக்கா?"

"ஓடறது."

"அப்போ ஜல்தி பண்ணிக் குடு. எண்பதும் வேணும்."

"என் பேரைப் போடறேன்னு எழுதிக் குடு."

கௌஷிக் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் பேனாவை எடுத்தான். 'அக்கா பெயர் கட்டாயம் வரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மூன்று வாரம் பிடித்தது. அந்தக் கம்ப்யூட்டர் நாலு படத்துக்கு ஒரு தரம் நின்றுபோயிற்று. நடுவில் ஒரு மத்தியானம், எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால் என்ன என்று நினைத்தாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் திரையில் ஒரு தூக்கு விளக்கு மெல்ல மெல்லத் திறந்து நின்றபோது, அதை அழிக்கக் கை வரவில்லை. அது அவள் எடுத்த படம்.

புத்தகம் கூரியரில் வந்தது. படங்கள்: கௌஷிக் வெங்கடராமன். கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலில், லாரிக் கம்பெனிக்குக் கீழே, 'கம்ப்யூட்டர் உதவி: திருமதி விசாலாக்ஷி' என்று இருந்தது. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

போன் செய்தாள்.

"பேர் வந்துடுத்தேக்கா! இன்னும் என்ன வேணும் உனக்கு?"

விசாலம் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. அம்மாவின் காரியத்தில்கூட இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் புத்தகம் வந்த நாளிலிருந்து அவள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் மூலையிலும், பொருளுக்குப் பக்கத்தில், தன் பெயர் எழுதிய சின்னச் சீட்டு ஒன்றை வைத்து எடுத்தாள். குக்கர்க் கம்பெனிக்காரர், "மேடம், யே க்யா ஹை?" என்று சீட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். வேண்டாமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள் என்றாள்.

எல்லோரும் வெட்டிக்கொண்டார்கள். அவளும் வைப்பதை நிறுத்தவில்லை.