வீட்டுக் கம்ப்யூட்டரும் கடை ஏணியும்

கம்ப்யூட்டரை விற்பது லேசு; விற்ற வீட்டு வாசலை மறுபடி மிதிப்பதுதான் கஷ்டம். எண்பதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு டிவி கடையில் வேலை பார்த்தவன் நான். பேர் பாண்டி. வீட்டில் கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று விளங்காமல் திருதிருவென்று முழிக்கிற சக பாவிகளே, உங்களுக்குப் பிரயோசனப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். நானும் அப்படி முழித்தவன்தான். என்ன, நான் சம்பளம் வாங்கிக்கொண்டு முழித்தேன்.

அதற்கு முன்னால் எனக்கு ஆன்டெனா மாட்டுகிற வேலை. ஒரு நாள் ஓட்டு வீட்டுக் கூரையில் ஏறிக் கம்பத்தைத் திருப்பும்போது ஓடு சரிந்து, கொல்லையில் வந்து விழுந்தேன். தோள்பட்டை இறங்கிப்போய்க் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது, இனிமேல் கூரை ஏறுவதில்லை என்று என் வீட்டுக்காரி மல்லிகா கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அவள் வாங்காவிட்டாலும் நான் ஏறியிருக்க மாட்டேன். ஏணியைப் பார்த்தாலே சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி வீட்டுக் கம்ப்யூட்டர் இறக்கினார். இப்போது மாதிரி இல்லை. எழுத்து அடிக்கிற கீபோர்டு, அந்தத் தட்டுப்பலகை மட்டும்தான் வரும். எழுத்துத் தெரிய டிவியில் மாட்ட வேண்டும். புரோகிராமை டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டு ஏற்ற வேண்டும். "பாண்டி, நீ இனி வீடு வீடாப் போயி இதைச் சொல்லிக் குடு. தரையிலயே இருக்கலாம். ஆனா ஒரு மிஷின் திரும்பி வந்தாலும், ஏணியத் தூக்கிட்டுக் கிளம்பிரணும்" என்றார் முதலாளி. கடை மூலையில் ஏணி சாத்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, கம்ப்யூட்டர் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னேன். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் எனக்குப் புரிந்தது படங்கள் மட்டும்தான்.

படம் போடுகிற நேரத்தில் மாட்டாதீர்கள்

முதல் வீடு வில்லாபுரத்தில் ஒரு மில் மேஸ்திரி வீடு. நான் போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அந்தத் தெருவிலேயே அவர் வீட்டில்தான் டிவி. படம் பார்க்கத் தெருவே வந்து தரையில் உட்கார்ந்திருந்தது. மேஸ்திரிக்கோ புது மிஷினை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று ஆசை. ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மாட்டினேன். ஓரத்தில் 'ரெடி' என்று ஒரு வார்த்தையும், அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டமும் வந்தன. கட்டம் மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தது.

ஒருத்தரும் எழுந்திரிக்கவில்லை. அந்தக் காலத்தில் டிவி பாதியில் நின்றால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று போடுவார்கள். சனங்கள் பொறுமையாக அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே பொறுமையோடு இந்தக் கட்டத்தையும் பார்த்தார்கள். இது சினிமா இல்லை, கம்ப்யூட்டர் என்று விளக்கினேன். எல்லோரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கட்டத்தைப் பார்ப்பதைத் தொடர்ந்தார்கள். ரெண்டும் ரெண்டும் எத்தனை என்று கேட்டு, நாலு என்று வரவைத்தேன். பிள்ளைகள் கை தட்டின. மறுபடி கட்டம். போகப்போக எனக்கே சந்தேகமாகிவிட்டது, ஒருவேளை ஏதாவது வருமோ என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் எதிர்வீட்டு அக்கா சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்: "தடங்கலுக்கு வருந்துறோம்னு ஒரு வார்த்தை எழுதக்கூட ஆளு இல்லையாப்பா உங்க ஸ்டேஷன்ல?"

அடுப்படியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்

கோரிப்பாளையத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் ஒருவர் ஒரு மிஷின் வாங்கினார். தங்கமான மனுசன். நான் ஒரு மணி நேரம் தப்புத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தாலும், மாஷா அல்லாஹ் என்று கேட்டுக்கொள்வார். புத்தகத்தில் கடிகாரம் வரைகிற புரோகிராம் ஒன்று இருந்தது. தொழிலுக்குப் பொருத்தமாக அதையே அடிக்கிறேன் என்று மத்தியானம் முழுக்க ஒத்தை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். ரெண்டு பேருக்கும் கழுத்து வலி.

முடிக்கிற நேரம். அடுப்படியில் அவர் வீட்டம்மா மிக்ஸியைப் போட்டார். கரண்ட் இறங்கி டிவி நெளிந்தது, சுருங்கியது, இருட்டாகிவிட்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது 'ரெடி' மட்டும் இருந்தது. அடித்தது ஒன்றையும் காணோம். அடிக்க அடிக்கக் கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. பாய் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, மிஷின் திரும்புது, நாளைக்கு நான் கூரையில என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். மறுநாளே ஸ்டெபிலைசர் கொண்டுவந்து மாட்டுகிறேன், தனி பிளக் பாயின்ட் போட்டுத் தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். திரைக்குப் பின்னால் இருந்து வீட்டம்மா குரல் வந்தது: "மூளை உள்ள மிஷினுன்னு சொல்லித்தானே தம்பி குடுத்தீங்க? இஞ்சி பூண்டு அரைச்சாலே எல்லாம் மறந்துபோற மூளை எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

உறை போடுங்கள், நேரம் பார்த்துப் போடுங்கள்

தூசி ஆகாது என்று எல்லோரிடமும் சொல்வேன். கே.கே. நகரில் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, புதுமண்டபத்துத் தையல்காரரிடம் அளவு கொடுத்துச் சிவப்பு வெல்வெட்டில் உறை தைத்து வாங்கினார். கீழே நாடா வைத்து இறுக்கிக் கட்டுகிற உறை. நான் போன அன்றைக்கு மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது, உறை கட்டியபடி. விரல் போகிற இடத்தில் மட்டும் துணியோடு சேர்த்து அமுக்கினார். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தொட்டுப் பார்த்தேன், இட்லிச் சட்டி மாதிரி கொதித்தது. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே நின்றுபோனது. உறையை அவிழ்த்து மின்விசிறிக்குக் கீழே வைத்து ஆற்றியதும், நல்லவேளை, உயிர் வந்தது. காற்று வேணும் சார், மூச்சு முட்டிவிட்டது என்றேன். அவருக்கு மனசு ஆறவில்லை. உறையை உதறிக் காட்டினார்: "பாருங்க மிஸ்டர் பாண்டி, ஒரு பொட்டுத் தூசி உள்ள போயிருக்கா? அப்புறம் அதுக்கு என்ன நோக்காடு?"

கேசட்டின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள்

அந்த வில்லாபுரத்து மில் மேஸ்திரி வீட்டில் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார். தெருவை அடைத்துப் பந்தல், வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர். பாட்டுக் கேசட் இருந்தால் கொடுங்கள் என்று மைக்செட்காரர் கேட்க, மேஸ்திரி வீட்டில் இருந்த பையை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள்தான் கம்ப்யூட்டர் கேசட்டும் கிடந்தது. எல்லாக் கேசட்டும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும். பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று நான் சொல்லவுமில்லை, அவர் செய்யவுமில்லை.

தாய்மாமன் சீர் தெருமுனைக்கு வந்தது. தாம்பாளத் தட்டு, மாலை போட்ட கிடா, முன்னால் கொட்டு. பந்தலுக்குப் பக்கத்தில் வந்ததும் கொட்டை நிறுத்தினார்கள், மைக்செட்டில் வரவேற்புப் பாட்டு வரட்டும் என்று. மைக்செட்காரர் கேசட்டை ஓடவிட்டார். கீய்ய்ங் என்று ஆரம்பித்துக் கரகரவென்று ஒரு சத்தம். புரோகிராமைக் காதால் கேட்டால் அப்படித்தான் இருக்கும். கிடா கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. கேசட் சிக்கிவிட்டது என்று நினைத்து மைக்செட்காரர் மறுபக்கம் திருப்பிப் போட்டார். அங்கேயும் அதேதான். ஒரு பக்கம் கெட்டாலும் மறுபக்கம் இருக்கட்டும் என்று, பாயின் வீட்டில் பட்ட புத்தியில், ரெண்டு பக்கமும் பதிந்து வைத்தது நான்தான். நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் தெருவில் கிசுகிசு ஆகிவிட்டது. தாய்மாமன் தட்டைக் கீழே வைக்காமல் மேஸ்திரியைப் பார்த்தார்: "தங்கச்சி மகளுக்குச் சீர் கொண்டு வாரோம் மாப்ள, நீங்க சங்கு ஊதியா வரவேற்குறீக?"

ஆன்டெனாவைத் தொடாதீர்கள்

இது கடைசி. இதைச் சொல்லத்தான் இம்புட்டும் சொன்னேன். செக்கானூரணிக்கு அந்தப்புறம் தவசி என்று ஒரு விவசாயி. மகள் ராணி மதுரையில் காலேஜ் படிக்கிறாள் என்று அவளுக்காக ஒரு மிஷின் வாங்கியிருந்தார். ஒரு நாள் காலையில் அதைத் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். "இது வேலைக்கு ஆகாது. இருந்த டிவியும் போச்சு. எடுத்துக்கங்க" என்று முதலாளி மேசையில் வைத்தார். முதலாளி என்னைப் பார்த்தார். அப்புறம் மூலையைப் பார்த்தார். நான் மூட்டையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்கண்ணே, நானே வந்து பாக்குறேன்" என்று அவரைப் பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் போய்ப் பார்த்தால், டிவிக்குப் பின்னால் ஆன்டெனா ஒயரையும் கம்ப்யூட்டர் ஒயரையும் சேர்த்து முறுக்கி ஒரே ஓட்டையில் சொருகியிருந்தது. அது பரவாயில்லை. மெத்தை வீட்டு மொட்டை மாடியில் நின்ற ஆன்டெனா, கொடைக்கானல் மலையைப் பார்க்காமல் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. ஏன் திருப்பினீர்கள் என்று கேட்டேன். "டிவிக்குப் படம் கொடைக்கானல்ல இருந்து வருது. அதுனால மலைப் பக்கம் வச்சிருந்தோம். கம்ப்யூட்டரு மதுரையில வாங்குனதுல்ல? அதான் மதுரைப் பக்கம் திருப்புனேன்" என்றார் தவசி அண்ணன். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெளிந்தேன்.

ஆன்டெனா ஒயரைப் பிரித்துப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் மாட்டினேன். 'ரெடி' வந்தது. அன்றைக்குக் காலேஜ் லீவு என்று வீட்டில் இருந்த ராணி, புத்தகத்தைப் பார்த்துத் தன் பெயரை அடித்து, அது திரை முழுக்க வரிசையாக இறங்கும்படி செய்தாள். அந்தப் பிள்ளை முகத்தில் அம்புட்டுச் சந்தோசம். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் தவசி அண்ணன் சொன்னார்: "இது சரி. டிவி? சாயந்திரம் பாட்டு வைக்கிற நேரத்துக்கு டிவி தெரியலைன்னா, நாளைக்குக் காலையில மிஷினு உங்க கடையில இருக்கும்." ஆன்டெனாவை நீங்களே ஏறித் திருப்பிவிடுங்களேன் என்று கெஞ்சினேன். நான் தொட்டுத்தானே கெட்டது, கடைக்காரர் நீங்களே ஏறுங்கள் என்று மூங்கில் ஏணியைச் சாத்திவிட்டார். கூரை ஏறாமல் இருப்பதற்காகக் கூரை ஏற வேண்டிய நிலைமை. மல்லிகாவுக்குக் கொடுத்த சத்தியத்துக்கு மனசுக்குள் ஒரு தரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறினேன். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. கம்பத்தைக் கட்டிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குப் பயம். அதை வேறு மாதிரிச் சொல்ல ஒன்றுமில்லை.

கொஞ்சம் திருப்பி, "தெரியுதாம்மா?" என்று கத்தினேன். "நல்லாத் தெரியுதுண்ணே" என்றாள் ராணி கீழே இருந்து. அவ்வளவு சீக்கிரமாகவா என்று இன்னும் கொஞ்சம் திருப்பினேன். "இப்ப?" "இப்பவும் நல்லாத் தெரியுதுண்ணே." மேற்கே, வடக்கே, உசிலம்பட்டிப் பக்கம், ஆகாசத்தைப் பார்க்க என்று எப்படித் திருப்பினாலும் நல்லாத் தெரிகிறது என்றே சொன்னாள். இத்தனை வருசம் ஆன்டெனா திருப்பியவன், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. தலை சுற்றியது, உயரத்தாலா குழப்பத்தாலா என்று தெரியவில்லை. "என்னம்மா தெரியுது?" என்றேன். "என் பேருதாண்ணே" என்றாள். டிவியில் கம்ப்யூட்டர் ஒயரை மாட்டியபடியே விட்டுவிட்டு மேலே ஏறியிருக்கிறேன். தவசி அண்ணன் முற்றத்துக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "மலைப் பக்கம் திருப்புனாலும் மதுரைப் பக்கம் திருப்புனாலும் அசையாமத் தெரியுதே தம்பி, எங்க டிவிகூட ஒரு நாளும் இப்படித் தெரிஞ்சதில்ல. மிஷினு இங்கேயே இருக்கட்டும்."

அப்புறம் ஒயரை மாற்றச் சொல்லி, மலையைப் பார்க்கத் திருப்பி, டிவியையும் வரவைத்துவிட்டுத்தான் இறங்கினேன். சட்டையில் ஒட்டியிருந்த துருவைப் பார்த்து மல்லிகா ரெண்டு நாள் பேசவில்லை. அதோடு முடிந்ததா? அடுத்த வாரம் தவசி அண்ணன் ஒரு சாக்கு மாங்காயோடு கடைக்கு வந்து, உங்க ஆளு கம்பத்தப் பிடிச்சாருன்னா எல்லாப் பக்கமும் படம் தெரியுது என்று முதலாளியிடம் என்னை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார். முதலாளி மாங்காய் ஒன்றை எடுத்து முகர்ந்துகொண்டே சொன்னார்: "பயம் தெளிஞ்சத எங்கிட்டச் சொல்லவே இல்லையே பாண்டி."

ஆக, வீட்டுக் கம்ப்யூட்டர் பற்றி நான் கண்ட உண்மை இதுதான்: கடைசிவரைக்கும் ஒரு மிஷின்கூடத் திரும்பி வரவில்லை, ஏணி மட்டும்தான் என் தோளுக்குத் திரும்பி வந்தது.