இடது கால் ஷூ

எங்கள் வீட்டில் யாராவது "மாமா" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மாமா, அம்மாவின் தம்பி. அவருக்கு மாமா, என் அப்பா. நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், மத்தியப் படை வேலைக்குத் தயாராவதற்காக ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டார். ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்தான் பாக்கி. போன தடவை கடைசி நேரத்தில் மூச்சு வாங்கிக் கோட்டை விட்டிருந்தார். வயது வரம்புப்படி இந்தத் தடவையோடு சரி, அதற்குப் பிறகு விண்ணப்பமே போட முடியாது.

செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தாத்தா காலத்து நிலமெல்லாம் குடோனாகிவிட்டது. அதில் ஒரு குடோனில் அப்பா சூப்பர்வைசர். மாமாவுக்குப் பயிற்சியாளரும் அவர்தான். அந்தப் பதவியை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். விடிவதற்கு முன்பே மாமா ஏரிக்கரையோரச் சாலையில் ஓடுவார். அப்பா பைக்கில் பின்னாலேயே போய் செல்போனில் நேரம் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பண்டிகை கிடையாது.

"ஒரு நாளு குந்திகினா ஒடம்பு துரு புடிச்சிடும்டா" என்பார்.

இந்தச் சித்தாந்தத்துக்கு ஒரு வரலாறு உண்டு. வாலிபத்தில் அப்பாவும் இதே மாதிரி ஒரு தேர்வுக்குப் போய்ப் பாதி ஓட்டத்தில் மயங்கி விழுந்தவர். அதற்கு முன்பு இரண்டு நாள் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஓடாமல் இருந்ததுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்வார். அந்தக் கல்யாணத்தில் வேளை தவறாமல் பிரியாணி சாப்பிட்டதை அம்மாதான் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

போகப் போக மாமாவின் இடது கால் வலிக்கத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் கை வைத்தால் துள்ளுவார். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். "இன்னாடா ஆச்சு காலுக்கு?" என்று அம்மா கேட்டால், அப்பா எங்கே இருக்கிறார் என்று முதலில் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது அக்கா" என்பார். வலிக்கிறவர் வலிக்கிறது என்று சொன்னால் என்ன என்று எனக்குத் தோன்றும். எனக்கெல்லாம் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றாலே வயிறு வலிக்கும், உடனே சொல்லிவிடுவேன்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் மாமாவின் இடது கால் ஷூ காணாமல் போனது. வலது கால் ஷூ வாசலில் அநாதையாகக் கிடந்தது. எல்லோரும் ஒரே குரலில் பூரியின் பெயரைச் சொன்னார்கள். பூரி எங்கள் நாய். அப்பாவின் செருப்பை ஒரு தரம் கடித்துத் துப்பிய பழைய குற்றவாளி. தேடித் தேடி வெயில் ஏறியதும் மாமா போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் ஷூ கொல்லையில் விறகுக்குப் பின்னால் கிடைத்தது. அதில் ஒரு பல் தடம்கூட இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் அதே ஷூ காணோம். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இன்னொரு தபா இப்டி ஆச்சு, அந்த நாய லாரில ஏத்தி எங்கனா தொலைவா வுட்டுட்டு வரச் சொல்லிடுவேன்" என்றார்.

குடோனுக்கு வெளிமாநில லாரிகள் வருவது எனக்குத் தெரியும். பூரி அதில் ஏறிப்போய் இந்தி பேசுகிற ஊரில் நின்றுகொண்டு முழிப்பதை நினைத்து அழுதேன். அன்றிலிருந்து தினமும் பூரியைக் கட்டிலின் காலில் கட்டிவைத்துவிட்டுத்தான் படுத்தேன். மாமா முகத்தைப் பார்க்க எனக்கு அப்போது நேரமில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் நொண்டுவது தெருவுக்கே தெரிந்துவிட்டது. அப்பா மட்டும் குனிந்து பைக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது தடவையும் ஷூ போனது. எழுந்தவுடன் கட்டிலைப் பார்த்தேன். பூரி கட்டியது கட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? கயிற்றை நான் காலையில்தான் கட்டினேன் என்பார்கள். ஷூவையே கண்டுபிடித்தால்தான் நாய் பிழைக்கும் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். அரிசி டிரம், பீரோவின் பின்பக்கம், மாடித் தொட்டி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் வாஷிங் மெஷினின் மூடியைத் தூக்கினால், உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது இடது கால் ஷூ.

பூரியை அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு, ஷூவைத் தலைக்கு மேல் தூக்கியபடி கூடத்துக்கு ஓடிவந்தேன். "மெஷின்ல இருந்திச்சு! மூடி மூடியே கீது! பூரியால மூடியத் தொறக்க முடியுமா? சொல்லுங்க, முடியுமா?" என்று கத்தினேன்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா அம்மாவைப் பார்த்தார்.

"நாந்தாங்க வச்சேன்" என்றாள் அம்மா.

"இல்ல மாமா, நாந்தான்" என்றார் மாமா, அதே மூச்சில்.

அப்பா இருவரையும் திட்டப்போகிறார் என்று நான் பூரியைக் கட்டிக்கொண்டேன். அவர் எழுந்து வந்து மாமாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தொட்டுப் பார்த்தார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டார். "கெளம்பு, டாக்டர்கிட்ட போலாம்" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓடியிருந்தால் எலும்பில் விரிசல் விட்டிருக்கும், தேர்வை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு வாரம் ஓட்டமே கூடாது; பிறகும் ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. டாக்டரைப் பார்த்த மறுநாள் காலை எங்கள் வீட்டில் இருந்த அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாமா ஒரு அறையில் குறட்டை, அப்பா இன்னொரு அறையில் குறட்டை. பின்னாலேயே பைக் ஓட்டியவரும் அத்தனை மாதமாகத் தூங்கவில்லை என்பதை அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த வாரமே அப்பா புதிய சித்தாந்தத்துக்கு மாறிவிட்டார். "ரெஸ்ட்டும் டிரெயினிங்தாண்டா" என்று தெருப் பையன்களுக்கெல்லாம், தானே கண்டுபிடித்த மாதிரி, சொல்லத் தொடங்கினார்.

தேர்வு ஆவடிப் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது. அப்பாவும் நானும் கேட்டுக்கு வெளியே நின்றோம். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து மாமா வெளியே வந்தார், இரண்டு காலும் ஒரே மாதிரி நடந்து. "வந்துட்டேன் மாமா, நேரத்துக்குள்ள வந்துட்டேன்" என்றார். அப்பா அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கோ, எல்லாம் முடிந்தது, இனி பூரியை யாரும் லாரியில் ஏற்ற மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தது.

போன பொங்கலுக்கு மாமா விடுப்பில் வந்திருந்தார். பேச்சு பழைய ஷூவுக்குப் போனது. முதல் தடவை ஒளித்தது தான்தான் என்று அம்மா ஒப்புக்கொண்டாள். இரண்டாவது தடவை மாமாவேதான்.

"மிஷின்ல போட்டதும் நீதானடா?" என்றாள் அம்மா.

"நானா? நீ போட்டேன்னு நெனச்சிகினுதான் அன்னிக்கு நான் என் தலைல போட்டுகினேன்" என்றார் மாமா.

இருவரும் மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினார்கள். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அக்கா புருஷன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு கால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஒரு நாளும் நிற்காதே என்று ஊரறியச் சொன்ன மனிதராலும் நில் என்று சொல்ல முடியாது. ஒன்பது வயதில் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அப்பா அந்த ஷூவைக் கொல்லையில் வீசியிருக்கலாம், கட்டிலடியில் தள்ளியிருக்கலாம். நாயால் திறக்க முடியாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார். பூரிக்காகப் போட்ட சண்டையில் அப்பாவை நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.